ஓசூரில் யார் இந்தத் தமிழில் பேசுகிறார்கள்?

பிப்ரவரி வந்தால் ஓசூர் ரோஜா செய்தி வந்துவிடும். தாஜ்மஹால் ரகம், பசுமைக்குடில், வெளிநாட்டு ஆர்டர், "இந்த வருஷம் விலை இல்லைங்க" என்று ஒரு விவசாயி. குளிர் ஆரம்பித்தால் யானைச் செய்தி. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கி, தேன்கனிக்கோட்டை ராகி வயலுக்கு வரும் யானைகள். கோடையில் கிருஷ்ணகிரி மாங்கூழ். போன வருஷச் செய்தியில் தேதியை மாற்றிப் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இந்த ஊர்ச் செய்திகளில் மாணவர்கள் எழுதியது என்று தெரிந்தால் நான் நிறுத்திப் படிப்பேன். தமிழில் கல்லூரிப் பையனோ பெண்ணோ பெரிய பத்திரிகையில் பெயர் போட்டு எழுத ஒரு வாசல் உண்டென்றால் அது விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம்தான். இதழியல் பட்டம் கேட்பதில்லை. இன்ஜினீயரிங், விவசாயம், தமிழ் இலக்கியம் என்று எது படித்தாலும் தேர்வாகலாம். சென்னையில் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் கட்டணம் கட்டிப் படிக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமில்லை. ஓசூர் மாதிரி, எல்லாக் கல்லூரியும் கம்பெனி வேலையைப் பார்த்தே பாடம் நடத்தும் ஊரில் இன்னும் பெரிய விஷயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

குறை இதுதான். மாணவர்கள் தங்கள் காதை நம்புவதற்கு முன்னால் பத்திரிகையின் நடையைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எந்த ஊர்க் கட்டுரையை எடுத்தாலும் மனிதர்கள் ஒரே மாதிரி பேசுகிறார்கள். "நாங்க என்ன தம்பி பண்றது?" என்று ஆரம்பிப்பார்கள், "அரசுதான் பார்த்துச் செய்யணும்" என்று முடிப்பார்கள். நடுவில் 'ஆதங்கத்தோடு', 'கண்கள் கலங்க'. தஞ்சாவூர்க்காரர் பேசினாலும் தளிக்காரர் பேசினாலும் அதே தமிழ்.

தளியில் யார் அந்தத் தமிழ் பேசுகிறார்கள்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாதி வீடுகளுக்கு மேல் தெலுங்கோ கன்னடமோதான் கேட்கும். ஊர்ப் பெயரே கன்னடம், 'ஹொஸ ஊரு', புது ஊர். சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் ராகி உருண்டை ஒரு வீட்டில் களி, பக்கத்து வீட்டில் சங்கடி, அதற்கடுத்த வீட்டில் முத்தே. கட்டுரையில் மூன்றும் 'கேழ்வரகுக் களி' ஆகிவிடும். இதைச் சொல் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. பேட்டி கொடுத்தவர் தெலுங்கில் சொன்னதை எழுதியவர் தமிழாக்கியிருக்கிறார், ஆனால் மேற்கோள் குறிக்குள் போட்டு அவரே சொன்னதாகக் காட்டுகிறார். மொழிபெயர்ப்பை மறைத்த மேற்கோள் அது. உண்மையைச் சரிபார்ப்பதுதான் தொழில் என்று வகுப்பில் படித்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் யோசிப்பதில்லை. யோசிக்கச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சித்ரகூடில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா'வை கிராமத்துப் பெண்கள் நடத்தினார்கள். இந்தியில் எழுதாமல் புந்தேலியில் எழுதினார்கள். சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையதளத்தில் எழுதியவர், பதிப்பித்தவர் பெயர்களோடு மொழிபெயர்த்தவர் பெயரும் வரும். அபர்ணா கார்த்திகேயன் அங்கே கிருஷ்ணகிரியின் ராகியையும் யானையையும் பற்றி எழுதியிருக்கிறார். நம் பிப்ரவரி, டிசம்பர் செய்திகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் விவசாயியோடு நிலத்தில் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அதே தளம் மாணவர்களின் எழுத்தையும் வெளியிடுகிறது.

இதெல்லாம் நடையழகு பற்றிய புகார் என்று நினைத்தால் 2023 அக்டோபர் 7ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. அங்கே பட்டாசுக் கடை குடோன் தீப்பிடித்து அன்றைக்கே 14 பேர் இறந்தார்கள். எரிந்தது கர்நாடகத்தில், செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தீபாவளி சீசன் வேலைக்கு வந்தவர்கள், தர்மபுரி மாவட்டத்து அம்மாபேட்டை போன்ற ஊர்களிலிருந்து. படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். பெங்களூர்ச் செய்தியில் லைசென்ஸ், கைது. தமிழ்ச் செய்தியில் நிவாரணத்தொகை, அஞ்சலி. எல்லைக்கோடு எங்கே போகிறதோ அங்கேயே செய்தியும் இரண்டாக அறுந்தது.

இறந்தவர்கள் வயதுதான் மாணவ நிருபர்களின் வயது. சீசன் வேலைக்கு ஆள் கூட்டிப்போவது யார், ஒரு நாள் கூலி என்ன, காலேஜுக்கு என்ன பொய் சொல்லி லீவு போடுவது, அந்தக் காசு செமஸ்டர் ஃபீஸுக்கா வீட்டுக்கா? சென்னையிலிருந்து வரும் சீனியர் நிருபர் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் சுற்ற வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் படிக்கும் பையனுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே பதில் இருக்கும். ஆனால் அவனுக்குச் சொல்லித்தரப்பட்டது, 'நான்' என்று எழுதாதே, தள்ளி நின்று எழுது. தள்ளி நிற்க வேண்டியது அமைச்சரிடம் என்றால் சரி. கூடப் படிக்கிறவனிடமிருந்து தள்ளி நின்றால் எழுத என்ன மிச்சம்?

இந்த வருத்தம் எனக்கு அடிக்கடி வருகிறது. அசோக் லேலண்ட் ஷிப்டுக்குப் போகும் அப்பா, செல்போன் பாகக் கம்பெனிக்குக் கம்பெனி பஸ் ஏறும் அக்கா, ராகி வயலில் ராத்திரிக் காவல் இருக்கும் தாத்தா. ஒரே வீட்டில் மூன்று பேரும் இருக்க முடியும். அந்த வீட்டிலிருந்து வரும் மாணவரின் முதல் கட்டுரை எதைப் பற்றி? ரோஜா ஏற்றுமதி.

ஓசூர்க் கதையும் கவிதையும் இப்படி இல்லை. ஆதவன் தீட்சண்யாவும் பா.வெங்கடேசனும் ஓசூரில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள். இருவரும் இரண்டு துருவம், ஆனால் ஒருவர் வரியை இன்னொருவர் வரி என்று யாரும் ஏமாற மாட்டோம்.

எடிட்டர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். இடம் இல்லை, வாசகருக்குப் புரியாது, சங்கடி என்று போட்டால் சங்கடம் என்று படிப்பார்கள். பக்கம் அளந்த அச்சிதழில் இடம் பற்றிய பேச்சு நியாயம். இணையத்தில் அது செல்லாது. புரியாது என்பதையும் நான் நம்பவில்லை, கி.ரா.வின் கரிசல் சொற்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தவர்கள்தானே நாம். கட்டுரையின் தலையில் 'இந்தப் பேட்டி தெலுங்கில் எடுக்கப்பட்டது' என்று நான்கு சொல் போட எவ்வளவு இடம் வேண்டும்? அடுத்த பிப்ரவரியில் ரோஜா செய்தி வரும்போது தேடிப் பார்ப்பேன்.