பாட்டில் வாழும் மொழி: கெல்டிக் சேர்ந்திசைக் குழுக்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்வோர் தம்முடன் கொண்டுசெல்லும் பொருள்களுள் பாரமற்றது பாட்டு. வீடும் நிலமும் பின்தங்கிவிடும். நாவில் ஏறிய பாட்டு உடன்வரும். ஆனால் பாட்டு நிலைத்தால் மொழியும் நிலைத்துவிடுமா? இவ்வினாவை ஆராய விழைவோர்க்குக் கெல்டிக் மொழிகளில் பாடும் சேர்ந்திசைக் குழுக்கள் நல்ல சான்றாகும். வேல்ஸ் நாட்டின் வெல்ஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், அயர்லாந்தின் ஐரிஷ், மான் தீவின் மான்க்ஸ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சின் மேற்கோரத்துப் பிரெத்தன் என இன்று வழங்கும் கெல்டிக் மொழிகள் ஆறு. ஆறும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு என்னும் பெருமரத்தின் நிழலில் வளர்பவை.

முதற்கண் வேல்ஸ் நாட்டை நோக்குவோம். அங்குச் சேர்ந்திசை செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. தேவாலயத்திலும் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் வளர்ந்தது. நம் சரிகமபதநி போலச் சுரங்களை எழுத்துகளாற் குறிக்கும் டானிக் சோல்பா முறை 19-ஆம் நூற்றாண்டில் பரவியதால், ஐரோப்பிய இசைக்குறியீடு அறியாத தொழிலாளரும் நான்கு குரற்பகுதிகளாகப் பிரிந்து பாடக் கற்றனர். கரடாக் எனப் புகழ்பெற்ற கிரிபித் ரீஸ் ஜோன்ஸ் நடத்திய பெருங்குழு, 1872, 1873 ஆகிய ஈராண்டுகளிலும் இலண்டன் பளிங்கு மாளிகைப் போட்டியில் வென்றது. வேல்ஸ் ‘பாட்டின் நாடு’ எனப் பெயர்பெற்றது.

எனினும் கணக்கெடுப்பு வேறு கதை கூறுகிறது. 1911-இல் வேல்ஸ் மக்களுள் வெல்ஷ் பேசுவோர் 43.5 விழுக்காட்டினர், 2021-இல் 17.8 விழுக்காட்டினரே. பள்ளியில் ஆங்கிலம் ஆண்டது. சுரங்கங்களுக்கு ஆங்கிலம் பேசும் தொழிலாளர் பெருகி வந்தனர். பெற்றோர் பிள்ளைகளிடம் பேசும் மொழியும் மாறிற்று. குழுக்களோ பாடுவதை நிறுத்தவில்லை. பாட்டன் பாடிய துதிப்பாடலைப் பேரனும் பிழையின்றிப் பாடினான். ஆனால் பாட்டனோடு அம்மொழியில் உரையாட அவனால் இயலவில்லை. பாட்டு மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அடுத்து, கடல்கடந்து சென்றோரைக் காண்போம். 1865-இல் மிமோசா என்னும் கப்பலில் ஏறத்தாழ 150 வேல்ஸ் மக்கள் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் கரையிறங்கி, சூபூட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறினர். தம் மொழி ஆங்கிலத்தில் கரைந்துவிடாத ஓரிடம் தேடியே அவ்வளவு தொலைவு சென்றனர். தொடக்கத்தில் வழிபாடும் பள்ளியும் ஊராட்சியும் வெல்ஷ் மொழியிலேயே நடந்தன. பின்னர் அங்கும் பள்ளியில் ஸ்பானியம் புகுந்தது. ஆயினும் ஐஸ்டெத்வோட் எனப்படும் பாட்டும் கவிதையும் கலந்த போட்டி விழா அங்கு இன்றும் நடைபெறுகிறது. வெல்ஷ் கவிதைக்கு நாற்காலியும் ஸ்பானியக் கவிதைக்கு மகுடமும் பரிசாகும். பழைய பாட்டைப் பாடுவதோடு அமையாமல் புதிய கவிதை எழுதுமாறும் அவ்விழா கேட்கிறது. இதுவே அதன் சிறப்பு எனலாம். வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் பலர் அங்குக் குழுக்களில் வெல்ஷ் பாடுகின்றனர். 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்களை அனுப்பி மொழி கற்பிக்கும் திட்டமும் நடைபெறுவதால், பாட்டில் தொடங்கிய ஆர்வத்துக்கு வகுப்பறை துணைநிற்கிறது.

ஸ்காட்லாந்தில் 1892-இல் ஓபன் நகரில் தொடங்கிய மோட் என்னும் விழா வேறொரு நெறியைக் காட்டுகிறது. அங்குப் பாடும் குழுக்களுக்கு இசைக்குத் தனி மதிப்பெண், கேலிக் மொழிக்குத் தனி மதிப்பெண். இனிமையாகப் பாடினாலும் உச்சரிப்பு பிழைத்தால் மதிப்பெண் குறையும். இது போற்றற்குரியது. ஆயினும் ஒரு குறை கூறாதிருத்தல் இயலாது. கேலிக் நாட்டுப்பாடல் இயல்பில் தனிக்குரலுக்கும் உழைப்புக்கும் உரியது. நெய்த கம்பளித் துணியை மேசைமீது அடித்துப் பதப்படுத்துகையில் ஒருவர் முன்பாட, மற்றையோர் பின்பாடுவர். கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குக் குடிபெயர்ந்தோர் வழியில் அவ்வழக்கம் இன்றும் காணப்படுகிறது. அதே பாட்டை நான்கு குரல்களாக ஒழுங்குபடுத்தி மேடையேற்றுங்கால் அழகு கூடுகிறது. கைவேலையின் தாளமும் முன்பாடுவோரின் உரிமையும் குறைகின்றன.

இனி நம் நாட்டிலேயே ஒரு சான்று. 1841-இல் வேல்ஸிலிருந்து சிரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்னும் சமயத் தொண்டர், வெல்ஷ் எழுத்து முறையைத் தழுவி, காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதினார். வெல்ஷ் மெட்டுகள் அம்மலைகளில் இன்றும் ஒலிக்கின்றன. சொற்கள் மட்டும் காசி மொழியின. இங்கு மெட்டு பயணம் செய்தது, மொழி செய்யவில்லை. காசி மக்களுக்கு அதனால் இழப்பில்லை. தம் மொழிக்கு ஒரு சேர்ந்திசை மரபை அவர்கள் பெற்றனர். ஆனால் மெட்டும் மொழியும் தனித்தனியே பிரியக்கூடியவை என்பதை இது ஐயமற உணர்த்துகிறது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், சேர்ந்திசைக் குழுவை மொழியின் வாயில் எனக் கொள்ளலாம். வீடு எனக் கொள்ளலாகாது. வாயிலின்றி வீட்டினுள் புகவியலாது. வாயிலிலேயே நின்றுவிட்டாலோ குடியிருத்தல் இல்லை. பொருள் உணர்ந்து பாடும் குழுவும், பாடியபின் அதே மொழியில் உரையாடும் குழுவும், புதுப்பாட்டு எழுதத் தூண்டும் குழுவுமே மொழிக்கு உண்மைத் தொண்டு புரிகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது அயலார் கதை மட்டுமன்று. தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்து நம் பிள்ளைகள் ஆண்டு விழாவில் பாடுங்கால் நாம் மகிழ்ந்து கைதட்டுகிறோம். அம்மகிழ்ச்சி தகும். விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், பாடிய பாட்டின் பொருள் யாதெனப் பிள்ளையிடம் தமிழில் கேட்போமாக. அவ்வினாவுக்குத் தமிழிலேயே மறுமொழி வருமாயின், பாட்டு தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.