செவந்தியின் குடமும் அத்திப்பட்டியின் வாய்க்காலும்

கோமல் சுவாமிநாதன் எழுதி, தம்முடைய ‘ஸ்டேஜ் பிரண்ட்ஸ்’ குழுவினரைக் கொண்டு 1980-ஆம் ஆண்டில் மேடையேற்றிய ‘தண்ணீர் தண்ணீர்’ அரசியல் நாடகம் என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் இயக்கத்தில் திரைப்படமாகி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றமையால் அப்பெயர் மேலும் உறுதிப்பட்டது. மனுக்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் அலுவலகங்களையும், வாக்குக்காக மட்டும் ஊரை நாடி வருவோரையும் அது சாடுகிறது என்பது மெய்யே. ஆயினும் இன்று இக்கதையை மீண்டும் எண்ணிப் பார்க்கையில் நம் மனத்தைப் பிடித்து நிறுத்துவது அச்சாடலன்று. செவந்தி என்னும் ஒரு பெண்ணின் இல்லமே.

கதை நிகழும் அத்திப்பட்டி, கோவில்பட்டி வட்டாரத்தில் வைக்கப்பட்ட கற்பனையூர். நாடகம் எழுந்த காலத்தில் அவ்வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1986-இல்தான் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்துக்கு உரியதாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைக்கும் மண் அது. கரிசல் ஈரத்தைத் தன்னுள் இறுக்கிப் பிடித்துப் பயிரைக் காக்கும். குடத்துக்கு நீர் தராது. கிணறு வெட்டினாலும் பல இடங்களில் உவர்நீரே ஊறும். கோவில்பட்டி நகரமே தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் நீரை நம்பியிருக்கிறதென்றால், சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்நிலத்து வாழ்வை முன்னரே இலக்கியமாக்கியிருந்தனர். கோமல் அம்மண்ணில் பிறந்தவரல்லர். எனினும் அதன் தாகத்தை அறிந்தே எழுதினார்.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். தொலைதூரம் நடந்து நீர் சுமந்து வரும் செவந்தி, வழியில் தாகத்தால் தவிக்கும் அயலான் ஒருவனுக்குத் தன் குடத்திலிருந்து வார்க்கிறாள். அவன் வெள்ளைச்சாமி, கொலை செய்துவிட்டுத் தப்பி வந்தவன். ஊர் அவனுக்குப் புகலிடம் தருகிறது. அவனோ பல மைல்களுக்கு அப்பாலுள்ள ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் நீர் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றுகிறான். அவ்வண்டிக்கும் கேடு வந்தபின், ஊரார் தாமே வாய்க்கால் வெட்டத் துணிகின்றனர். அனுமதியின்றி வெட்டலாகாதென அரசு தடுக்கிறது. இவற்றுக்கிடையே செவந்தியின் கணவன் காவல்துறையில் பணியாற்றுபவன். தேடப்படும் குற்றவாளி தன் மனைவியின் ஊரிலேயே இருப்பதை அவன் அறிந்துகொள்கிறான்.

கனவும் குடும்பக் கடமையும் ஒன்றுக்கொன்று பகையானவை என்றெண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. கனவு காண்பவன் வீட்டைத் துறக்கிறான், வீட்டைப் பேணுகிறவள் கனவைத் துறக்கிறாள் என்று நம் மேடைகள் நெடுங்காலமாகக் காட்டி வந்துள்ளன. கோமலின் நாடகம் இக்கணக்கை மாற்றுகிறது. செவந்தியின் கனவு அடுக்களையிலிருந்தே பிறக்கிறது. வண்டியில் வரும் நீர் முதலில் காப்பது அவள் வீட்டு உலையையும் அவள் கால்களையும்தான். நடையில் கழிந்த பகற்பொழுது அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. வாய்க்கால் என்பது ஊராரின் பெருங்கனவு. அதுவே ஒவ்வொரு பெண்ணின் அன்றாட வேலையுமாகும். ஆகவே, ‘ஊரா, வீடா?’ என்று கணவன் கேட்கும்போது அக்கேள்வியே அவளுக்குப் பொருளற்றுப் போகிறது. நாடகத்தின் மிகச் சிறந்த இடம் இதுவென்று துணிந்து கூறுவோம்.

குறை எங்கேயெனின், அக்கணவனிடத்தில்தான். வெள்ளைச்சாமியைப் பிடித்துக்கொடுத்தால் உத்தியோக உயர்வு கிட்டும் என்னும் ஆசையையே ஆசிரியர் அவனுக்குப் பெரிதும் அளித்துள்ளார். இதனால் துலாக்கோலின் ஒரு தட்டு தொடக்கத்திலேயே மேலெழும்பிவிடுகிறது. மழை பொய்க்கும் நிலத்தில் மாதச் சம்பளம் ஒன்றே பொய்க்காத விளைச்சல். அதனை இழப்பதற்கு ஒருவன் அஞ்சுவது அற்பத்தனமன்று. மேலும், கொலையுண்டவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்குமே! கணவன் அந்த வீட்டின் பெயரால் ஒருமுறை பேசியிருந்தால் செவந்தியின் உறுதி எவ்வளவு உயர்ந்திருக்கும்!

திருமறை வாசகர்களாகிய நாம் இங்கே எண்ணாகமத்தின் அடைக்கலப்பட்டணங்களை நினையாதிருக்க இயலாது. ஆறு பட்டணங்கள் குறிக்கப்பட்டன. ஆனால் அங்கு ஓடி வந்தவன் சபைக்கு முன் நின்று நியாயம் விசாரிக்கப்பட வேண்டும். துணிந்து கொலை செய்தவனுக்கு அங்கு இடமில்லை. அடைக்கலம் விசாரணையை நீக்கிவிடவில்லை. அத்திப்பட்டியோ விசாரியாமலே அடைக்கலம் தருகிறது. தாகம் தீர்த்தவன் என்பதே போதுமானதாகிறது. இது தவறென்று நாம் சொல்லவில்லை. இக்கேள்வி மேடையில் எழுப்பப்படாமல் போனதே நம் குறை. செவந்தியைச் சமாரியப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பிரசங்கிக்க விரும்புவோரும் (அவ்வாறு செய்யும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு) இதைக் கடந்து போகலாகாது.

இறைப்பணியாளருக்கு இந்நாடகம் இன்னொரு வகையிலும் நெருக்கமானது. சபை, பள்ளி, ஊரார் வழக்கு என்று வெளியே வாய்க்கால் வெட்டும் ஆயரின் இல்லத்தில் குடம் சுமப்பவர் யார்? மாறுதல் உத்தரவு வருந்தோறும் பிள்ளைகளின் படிப்பை ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் சுமந்து செல்பவர் யார்? கண்காணிப்புப் பணிக்கு வருகிறவன் முதலில் தன் வீட்டை நடத்த அறிந்தவனாயிருக்க வேண்டுமெனத் தீமோத்தேயு நிருபம் கேட்பதை, பிள்ளைகளின் கீழ்ப்படிதல் குறித்ததாக மட்டும் நாம் வாசித்துவிட்டோம். செவந்தியின் வீட்டைப் பார்த்தபின் அவ்வசனத்தில் குடத்தின் கனமும் சேர்ந்து தெரிகிறது. அவளுடைய கனவுக்கு ஊர் தோள்கொடுத்தது; நம் இல்லத்தரசியர் கண்ட கனவு எதுவென்று அறிந்த சபைகள் சிலவே.

இறையியல் மாணவர் எவரேனும் இந்நாடகத்தை மேடையேற்ற முன்வருவாராயின் ஒன்று வேண்டுவோம். அமைச்சர், அலுவலர் காட்சிகளுக்குச் சிரிப்பு தானே வரும். அவற்றுக்கு மிகுந்த ஒத்திகை தேவையில்லை. குழுவிலேயே தேர்ந்த நடிகரைக் காவலனாகிய கணவனுக்கு நிறுத்துங்கள். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு அவன் மனைவியிடம் பேசட்டும். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டோவென்று அவையோர் சற்றே தடுமாறட்டும். அதன் பிறகு செவந்தி மறுமொழி கூறட்டும்.