அரக்கோணத்திலிருந்து பறந்த சென்னைப் பயணிகள்

2015 டிசம்பர் 1 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதையே அந்த ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிப் போட்டதுதான். எனவே இதை எதிர்பாராத விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிசம்பர் 6 வரை பயணிகள் சேவை முடங்கியது. அந்த இடைவெளியில் கைகொடுத்தது, சுமார் 70 கி.மீ. தள்ளி அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி. ஹைதராபாத் போன்ற ஊர்களுக்கு அங்கிருந்து விமானங்கள் பறந்தன.

சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றிடம் கிடைப்பது அரிது. கடலோரம் இல்லை, அடையாறும் எட்டாது. சென்னைக்குள் நுழையாமலே காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் போக ரயில் பாதை உண்டு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இதே ஊரில்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலம், சுமார் 4 கி.மீ. நீளமுள்ள ராஜாளியின் ஓடுபாதை அன்றாடம் புழக்கத்தில் இருந்ததுதான். 1992 முதல் கடற்படை அதை ஓயாமல் பயன்படுத்துகிறது. ஆபத்து வந்த அன்று புதிதாக ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஓடுபாதை இருந்தால் மட்டும் விமான நிலையம் ஆகிவிடாது. பயணியர் முனையம் இல்லை. பாதுகாப்பு வளாகம் என்பதால் கடற்படை இசைந்தால்தான் கதவு திறக்கும். பயணிகளும் விமான நிறுவன ஊழியர்களும் மூழ்கிய நகரத்திலிருந்தே சாலை வழியாக வந்துசேர வேண்டும். மாற்றிடம் தேடுவோர் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த வழியைத்தான்.

சரி, தொலைவை மட்டும் கூட்டினால் தீருமா? இதே மாற்றிடக் கேள்வி பங்குச் சந்தைகளுக்கும் உண்டு. அவற்றின் ‘டி.ஆர். சைட்’ (பேரிடர்க் கால மாற்றுத் தளம்) வேறு நிலநடுக்க மண்டலத்திலோ, முடியாவிட்டால் 500 கி.மீ.க்கு அப்பாலோ இருக்க வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. மும்பையின் தேசியப் பங்குச் சந்தை தன் மாற்றுத் தளத்தைச் சென்னையில் வைத்திருக்கிறது. தூரத்தில் குறையே இல்லை. 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40-க்கு வர்த்தகம் நின்றபோது அந்தத் தளத்துக்கு மாறவே இல்லை, பிற்பகல் 3.45-க்குத்தான் வர்த்தகம் மீண்டது. இடம் தயார், மாறலாம் என்ற முடிவுதான் வரவில்லை. அதன்பின் மாற்றுத் தளத்துக்கு மாறுவதற்குச் செபி நிமிடக் கணக்கில் கெடு விதித்தது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தையைத் திறந்து மாற்றுத் தளத்திலிருந்தே உண்மையான வர்த்தகம் நடத்திப் பார்த்தார்கள்.

ராஜாளிக்கும் அப்படி ஒரு சனிக்கிழமை வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒரே ஒரு பயணிகள் விமானத்தை அங்கிருந்து கிளப்பிப் பார்க்கலாம். மூட்டைகளை எங்கே சோதிப்பது, பஸ் எந்த வாசலில் நிற்பது, அனுமதிக் கோப்பு எத்தனை மேசை தாண்டுகிறது என்பதெல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.