ஆவி போகும் வழி

‘வெண்பா’ வீடியோ விளையாட்டின் முதல் புதிர் இட்லி அவிப்பது. டொரான்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டின் கதை 1988இல் தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, அவள் கணவர் பாவலன், பின்னால் பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் சில இடங்கள் கிழிந்துவிட்டன. சில இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது. அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஆடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இட்லியில் அழிந்துபோனது தட்டுகளை அடுக்கும் முறை. குழிக்கு நேர் மேலே குழி வரும்படி வைத்தால், உப்பி எழும் இட்லியின் தலையில் மேல்தட்டின் அடி இடிக்கும். ஆவியும் ஒழுங்காக ஏறாது. மேல்தட்டைச் சற்றே திருப்பி, கீழ்த்தட்டில் இடைவெளி இருக்கும் இடத்துக்கு மேலே குழி வரும்படி வைத்தால் எல்லா இட்லியும் ஒன்றுபோல வெந்துவிடும். இந்த விடை வெளியிலிருந்து கொண்டுவந்து சொருகியது அல்ல. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையில் ஓர் இட்லிப் பானையைத் திறந்து, தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும்: குழிகளின் அடியில் துளைகள், குழிகளுக்கு நடுவே வெட்டிவிட்ட இடைவெளிகள், எல்லாவற்றையும் கோக்க ஒரு நடுத்தண்டு. எழுத்து அழிந்தாலும் பாத்திரத்தின் வடிவமே குறிப்பைச் சொல்லிவிடுகிறது.

சாகச விளையாட்டுகளில் சமையல் புதிர் புதிதல்ல. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டில், கப்பலின் அடுப்பங்கரையில் ஒரு மந்திரக் கூழ் காய்ச்ச வேண்டும். குறிப்பு கேட்கும் பொருள்கள் கையில் இருக்காது. மண்டை ஓடு கேட்கும் இடத்தில் மண்டை ஓடு வரைந்த கொடியைப் போட வேண்டும். குரங்கு ரத்தத்துக்குப் பதில் திராட்சை மது. உயிருள்ள கோழிக்குப் பதில் ரப்பர் கோழி. விடை கிடைத்ததும் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் புதிரைத் தீர்த்தவர் அடுப்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்வதில்லை. அங்கே சாமர்த்தியம் பெயர்களின் ஒற்றுமையைப் பிடிப்பதில் இருக்கிறது. ‘வெண்பா’வில் அது ஆவி எந்த வழியே போகும் என்று யோசிப்பதில் இருக்கிறது.

இட்லிக்கு அடுத்துப் புட்டு. குழலின் அடியில் துளையிட்ட வில்லை, அதன்மேல் தேங்காய்த்துருவல், பிறகு மாவு, மறுபடி தேங்காய் என்ற அடுக்குதான் இங்கே கேள்வி. வில்லையை மறந்தால் மாவு பானைக்குள் கொட்டிவிடும். தேங்காயின் சொரசொரப்பு ஆவிக்கு இடம்விடுகிறது. வெந்த புட்டைத் தள்ளும்போது கண்டம் கண்டமாகப் பிரிவதும் அதனால்தான். 1938இல் பிரிட்டிஷார் சிங்கப்பூரில் திறந்த கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கச் செம்பவாங்குக்கு வந்தவர்களில் மலையாளிகள் நிறையப் பேர். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புட்டுக்குழல் அன்றாடப் பொருள். மலாய்க்காரர்களின் புத்து பிரிங்கும் அரிசி மாவை ஆவியில் அவிப்பதுதான். நடுவில் பனைவெல்லம் வைத்துச் சின்ன அச்சில் வேகவைப்பார்கள். ஆகவே சிங்கப்பூரில் இந்தப் புதிருக்கு முன்னால் உட்காருபவர் ஏற்கெனவே பாதி விடை தெரிந்தவர் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. தினமும் இட்லி சாப்பிட்டும் ஒருநாள்கூடத் தட்டை அடுக்கிப் பார்க்காதவர் இங்கே தடுமாறுவார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை கவனித்தவர் நிமிடத்தில் முடித்துவிடுவார். சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் சமையல் அறிவுக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய விளையாட்டு வேறில்லை என்றே சொல்லலாம்.

தவறினால் தண்டனை கிடையாது. கடிகாரம் ஓடாது, மதிப்பெண் குறையாது. கெட்டுப்போனதை விட்டுவிட்டு அந்தப் படியை மறுபடி செய்யலாம். சமையலறையில் இப்படித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால் இந்தத் தளர்வு மிகப் பொருத்தம். எண்ணெய் காய்ந்து தாளிப்பு பொரியும் ஓசை கூடவே வருகிறது. அல்பா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளரின் பாடல்கள், அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில், அடுப்பு வேலைக்கு வானொலித் துணையாக ஒலிக்கின்றன.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாவு புளிப்பது இங்கே புதிராக வரவில்லை. இட்லியின் பாதி வித்தை அதில்தான் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சூட்டில் இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும். கொஞ்சம் அசந்தால் புளித்து வழியும். கனடாவின் குளிர்காலத்தில் அதே மாவு அசையாமல் கிடக்கும். ஓவனின் விளக்கைப் போட்டு அதனுள்ளே வைக்க வேண்டியிருக்கும். புலம்பெயர்ந்தவர்கள் முதலில் மோதிய சமையல் புதிரே இதுதான். சூடும் நேரமும் எவ்வளவு நல்ல புதிராகும் என்பதைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் பார்க்கலாம். சுமார் 70 பாகை செல்சியஸில் ஊறிவரும் நீரில் முட்டையைப் போட்டுவிட்டு மக்கள் காத்திருக்கிறார்கள். கொதிநிலைக்கு வெகு கீழே இருக்கும் அந்தச் சூட்டில் முட்டை நிதானமாகத்தான் வேகும். எப்போது எடுப்பது என்பது அவரவர் கணக்கு. ‘வெண்பா’ வரிசையைக் கேட்கிறது, பொறுமையைக் கேட்பதில்லை.

பிரியாணி போன்ற பிந்தைய சமையல்கள் கண்ணுக்கு விருந்து. சாம் எல்கானாவின் ஓவியத்தில் சோறும் மசாலாவும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் புதிர் என்ற அளவில் இட்லிக்கும் புட்டுக்கும் அவை ஈடில்லை. பாத்திரமே விடை சொல்லும் அந்த நேர்த்தி அங்கே தளர்ந்துவிடுகிறது.

மறுபடி புதிர் நிமிர்ந்து உட்காருவது வளர்ந்த கவின் அடுப்பு முன் நிற்கும்போது. பாட்டி வழியாக வந்த அதே புத்தகம்தான். ஆனால் டொரான்டோவில் வளர்ந்த அவனுக்குத் தமிழ் எழுத்து சரிவரப் பிடிபடவில்லை. அழியாமல் இருக்கும் வரிகளும் அவனுக்கு அரைகுறையாகத்தான் விளங்குகின்றன. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் இருக்கும் சிங்கப்பூரில், செம்பவாங் பிள்ளை ஒன்று அந்தப் பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்துவிடக்கூடும். வாசித்த பிறகு அதுவும் வெண்பா நின்ற இடத்துக்குத்தான் வந்து சேரும்: உப்பு தேவையான அளவு என்று இருக்கும், எவ்வளவு என்று இருக்காது.

2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசையும் ‘வெண்பா’ பெற்றது. முழுவதும் ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். அந்தச் சிறிய அளவுக்குள் பொருள்களைக் கூட்டியோ விதிகளைச் சிக்கலாக்கியோ கடினம் ஏற்றாமல், அடுப்பு முன் நிற்கும் ஆளை மாற்றியே புதிரைக் கடினமாக்கியதுதான் இதை உருவாக்கியவர்களின் பெரிய கெட்டிக்காரத்தனம்.