கணக்கு நோட்டைப் பூட்டியவர்கள்

சரித்திரத்தில் நடந்த பெருங்கொலைகளை வைத்து நாவல் எழுதலாமா, எழுதினால் அது நாவலாக இருக்குமா அல்லது கோர்ட்டில் கொடுக்கும் பிராதாகிவிடுமா என்ற சந்தேகம் நம் வாசகர்களுக்கு அடிக்கடி வருகிறது. ஈழத்து யுத்தத்தைப் பற்றிய நாவல்கள் தமிழில் வர ஆரம்பித்த பிறகு இந்தச் சந்தேகம் பலமாகிவிட்டது. தாராபுரத்தில் சில நண்பர்கள் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே ஒரு முறை சயந்தனின் 'ஆதிரை'யைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார். "அதெல்லாம் சரிங்க. மொத்தம் எத்தனை பேருங்க செத்தாங்க? ஒருத்தர் நாப்பதாயிரம்கிறார், ஒருத்தர் ஒன்றரை லட்சம்கிறார். கணக்கே ஒத்துவராதபோது இனப்படுகொலைன்னு எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார்.

கேள்வியில் விஷமம் ஏதும் இல்லை. வாத்தியார் நல்லவர், புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்தவர். ஆனால் அந்தக் கேள்வி அவருடைய சொந்தக் கேள்வி அல்ல. பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த கேள்வி அது. அதனால்தான் அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். இனப்படுகொலை என்று நாம் தமிழில் சொல்வதற்கு மூலமான சொல்லை 1944-ல் உண்டாக்கியவர் ராபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வக்கீல். 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அதை ஓர் ஒப்பந்தமாக்கிச் சட்டமாகச் செய்தது. ஒரு தேசத்தை, இனத்தை, மதத்தைச் சேர்ந்த கூட்டத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் காரியங்கள் என்று அது சொல்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிழைக்க முடியாத நிலைமைகளை வேண்டுமென்றே உண்டாக்குவதும் அதில் சேரும். இத்தனை ஆயிரம் பேர் செத்தால்தான் என்ற எண் அதில் எங்கும் இல்லை. இருப்பது நோக்கம். நோக்கத்தை ருசுப்படுத்துவதோ எண்ணிக்கையை ருசுப்படுத்துவதைவிடக் கஷ்டமான காரியம். மறுப்பவர்களுக்கு இந்த இரண்டு கஷ்டங்களும் இரண்டு கோட்டைகள். ஒன்றிலிருந்து விரட்டினால் இன்னொன்றில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

சொல்லை அளவறிந்து உபயோகிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் கொங்கு நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. தாராபுரம் அப்போது சேர்ந்திருந்த கோயமுத்தூர் ஜில்லாவில் 1871-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கைவிட 1881-ல் எடுத்த கணக்கு குறைவாக இருந்தது. பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளையெல்லாம் சேர்த்தும் குறைவு! அந்தச் சமயத்தில்தான், 1877 ஜனவரி முதல் தேதி, லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்தினார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று தீர்மானித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். கடைசியில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

இதை இனப்படுகொலை என்று நான் சொல்ல மாட்டேன். அலட்சியம், கொள்கைப் பிடிவாதம், அடிமை நாட்டு ஜனங்களின் உயிரை மலிவாக நினைத்தது என்று சொல்வேன். அதுவே போதுமான குற்றம். ஆனால் அதை மறுப்பவர்கள் எப்படி மறுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "மழை பெய்யவில்லை" என்றார்கள். வாஸ்தவம்தான், மழை பெய்யவில்லை. பாதி உண்மை சொல்வதைவிடச் சௌகரியமான பொய் கிடையாது.

அந்தப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியின் பல ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் சந்ததியார்தான் மலையகத் தமிழர்கள். 1948-ல் இலங்கையின் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1977 கலவரத்துக்குப் பின் அவர்களில் பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கி வன்னியில் குடியேறின. அப்படிப்பட்ட குடும்பங்கள் 'ஆதிரை'யில் வருகின்றன. ஆகவே முள்ளிவாய்க்கால் நமக்குக் கடல் கடந்த விஷயம் அல்ல. நம் வீட்டுப் பழைய கணக்கின் தொடர்ச்சி.

இனி வாத்தியாருடைய கணக்குக்கு வருகிறேன். 2008 செப்டம்பரில், வன்னியிலிருந்த ஐ.நா. ஊழியர்களை வெளியேறும்படி இலங்கை சர்க்கார் சொன்னது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை. சண்டை நடக்கும் பிரதேசத்தில் எத்தனை ஜனங்கள் அகப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, 2009 தொடக்கத்தில் சர்க்கார் சொன்ன எண் சுமார் 70,000. உணவும் மருந்தும் குறைத்தே அனுப்பப்பட்டன. மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு, ஜூலை 10-ம் தேதி கணக்குப்படி, வன்னியிலிருந்து வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். உள்ளே இல்லவே இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் உயிரோடு நடந்து வந்தார்கள். அப்படியானால், உயிரோடு வராதவர்களைப் பற்றி அதே சர்க்கார் சொல்லும் கணக்கை எப்படி நம்புவது?

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப், சர்க்கார் நியமித்த கமிஷன் முன்னால் போய் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679. இவர்கள் எல்லோரும் செத்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அதே வருஷம் ஐ.நா. செயலாளர் நியமித்த நிபுணர் குழு, 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. யுத்தக் குற்றங்களைப் பற்றி நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகவும் சொன்னது. இனப்படுகொலை என்ற சொல்லை உபயோகிக்கவில்லை. வாத்தியாருக்குக் கிடைத்த இரண்டு எண்களும் இப்படி வந்தவைதான்.

எந்த வீட்டில் எத்தனை தலை என்பது நம் ஊர் ரேஷன் கடைக்குத் தெரியும். கச்சேரிகளுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. எண்ண முடியாதவர்கள் அல்ல அவர்கள், எண்ண விடப்படாதவர்கள். வாத்தியாருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "கணக்கு ஒத்துவரவில்லை என்பது நிஜமுங்க. ஆனால் அதைக் கணக்கு நோட்டைப் பூட்டி வைத்தவனிடம் போய்க் கேட்கவேண்டும். செத்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது." இனப்படுகொலையா இல்லையா என்பதைச் சுதந்திரமான ஒரு விசாரணை தீர்மானிக்கட்டும் என்று சொல்பவரோடு எனக்குத் தகராறு இல்லை. விசாரணையும் வேண்டாம், சொல்லும் வேண்டாம் என்பவர் நடுநிலைமை வகிக்கவில்லை. அவர் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் நாவலின் வேலை என்ன? விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவர் நம் கொங்கு நாட்டுக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம். அதே விபூதிபூஷண் 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி 'அசனி சங்கேத்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் லட்சக்கணக்கான பிணங்கள் இல்லை. அரிசி விலை ஏறுகிறது; பிறகு அரிசியே இல்லாமல் போகிறது; கிராமத்தில் மோதி என்ற தாழ்ந்த ஜாதிப் பெண் பட்டினியால் சாகிறாள். கிராமத்தார் பார்த்த முதல் பட்டினிச் சாவு அது. 1973-ல் சத்யஜித் ராய் இதைப் படமாக எடுத்தபோது, முடிவில் 50 லட்சத்துக்கு மேல் இறந்தார்கள் என்று திரையில் எழுத்தாகக் காட்டினார். ஆராய்ச்சியாளர்கள் பலர் 30 லட்சம் வரை என்கிறார்கள். எண்ணைப் பற்றிச் சர்ச்சை செய்யலாம். மோதியின் சாவைப் பற்றி யாரால் சர்ச்சை செய்ய முடியும்?

மறுப்பவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். துருக்கியில் 1915-ல் தொடங்கிய ஆர்மீனியர் படுகொலையைப் பற்றி பிரான்ஸ் வெர்பல் 1933-ல் 'மூசா மலையின் நாற்பது நாட்கள்' என்ற நாவலை வெளியிட்டார். ஹாலிவுட் கம்பெனி ஒன்று அதைப் படமாக்க முனைந்தபோது, துருக்கி சர்க்கார் அமெரிக்க சர்க்காரின் மூலம் நெருக்கி அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. சரித்திரப் புத்தகங்களுக்குப் பதில் சரித்திரப் புத்தகம் எழுதிக்கொள்ளலாம். ஒரு கதைக்குப் பதில் சொல்ல வழி தெரியவில்லை போலும்! அமெரிக்க ஜனாதிபதி பைடன் அந்தப் படுகொலையை அதன் பெயரால் அழைத்தது 2021 ஏப்ரலில். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆனால் இதனால் நாவலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'ஆதிரை'யும் தமிழ்க்கவியின் 'ஊழிக்கால'மும் நல்ல நாவல்களாக நிற்பதற்குக் காரணம், அவை எதையும் ருசுப்படுத்தப் புறப்படவில்லை என்பதே. மூட்டை கட்டுவதும், பதுங்குகுழி வெட்டுவதும், கஞ்சிக்கு வரிசையில் நிற்பதும், மறுபடி மூட்டை கட்டுவதுமாக ஜனங்கள் அந்தக் காலத்தைக் கடந்ததை அவை சொல்கின்றன. இதற்கு மாறாக, முதல் பக்கத்திலேயே தீர்ப்பை எழுதிவிட்டுப் பிறகு தீர்ப்புக்கு வேண்டிய பாத்திரங்களைச் சிருஷ்டிக்கிற கதைகளும் வருகின்றன. அவற்றின் பெயர் வேண்டாம். அவற்றில் இறந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. மறுப்பவன் செய்கிற காரியத்தையே நல்ல எண்ணத்தோடு இவர்களும் செய்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது. நம் பக்கத்துக் குற்றத்தைப் பேசாமல் விடுவது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். கடைசி மாதங்களில், தப்பி ஓட முயன்ற சொந்த ஜனங்களையே புலிகள் சுட்டார்கள் என்று அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. இதை ஒதுக்கிவிட்டு எழுதும் நாவல், இறந்தவர்களில் ஒரு பகுதியை மறுபடி கொல்கிறது. புலிகள் செய்தது நிஜம் என்பதால் சர்க்கார் செய்தது பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இரண்டு குற்றங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்கு இது வாத்தியார் வகுப்புக் கணக்கல்ல.

நம் பக்கம் என்பது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1987 அக்டோபர் 21-ம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை, நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் எழுதிய 'முறிந்த பனை' என்ற புத்தகத்தில் அந்தக் காலம் பதிவாகியிருக்கிறது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான டாக்டர் ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். முள்ளிவாய்க்காலுக்காகக் கண்ணீர் விடும் நம் வாசகர்களில் எத்தனை பேர் இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அங்கீகாரம் என்பதை நாம் பெரும்பாலும் தீர்மானம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கனடா நாட்டுப் பார்லிமெண்ட் 2022 மே மாதத்தில் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. இலங்கை சர்க்கார் ஆட்சேபித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த நினைவுத் தூண் 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகு திரும்பக் கட்டப்பட்டது. தீர்மானங்களும் தூண்களும் வேண்டும். வேண்டாத ஒன்றாக இருந்தால் ராத்திரியில் வந்து இடிக்க மாட்டார்கள்.

ஆனால் பவானிசாகருக்குப் போகிற வழியில் நம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களில் முகாம்காரர்களும் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். தமிழ்நாட்டில் இம்மாதிரி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. 2019-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் சலுகை இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கிடையாது. இனப்படுகொலை என்ற சொல்லை மேடையில் உரக்கச் சொல்லும் நாம், அதிலிருந்து தப்பி வந்தவர்களை முப்பது நாற்பது வருஷமாகத் தலை எண்ணி, கையெழுத்து வாங்கி, முகாமிலேயே வைத்திருக்கிறோம். எண்ணுவதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்று நாம் நம்பினால், அவர்களுக்கு ஒரு நாடு கொடுக்க வேண்டும். அதுவரை, மறுப்பவர்கள் எல்லோரும் கொழும்பில்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.