அக்னிச் சிறகுகளில் ஒரு தீவு

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளிவந்த நூல், தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்று வழங்குகிறது. ஏவுகணை வளர்ந்த கதையாகவே பலரும் அதைப் படிக்கின்றனர். அதன் தொடக்கப் பக்கங்கள் இராமேசுவரம் தீவில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வரலாறாகவும் அமைந்துள்ளன. அப்பக்கங்களை மட்டும் இங்கே சிறிது ஆராய்வோம்.

இப்பகுதியின் சிறப்பு, தீவு வாழ்வை உழைப்பின் வழியே காட்டுவதாகும். தந்தையார் ஜைனுலாப்தீன் சுபுஹுத் தொழுகை முடித்து நான்கு மைல் நடந்து தென்னந்தோப்புக்குச் செல்கிறார். தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்புகிறார். உலகப் போர் அத்தீவுச் சிறுவனின் கைக்குப் புளியங்கொட்டையாக வந்து சேர்கிறது. அதைப் பொறுக்கி விற்றால் நாளுக்கு ஓரணா. இரயில் இராமேசுவரத்தில் நில்லாது போகவே, ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடிப்பதும் அவனுக்குத் தொழிலாகிறது. சீதா ராமர் கல்யாண விழாவில் விக்கிரகங்களைக் குளத்தின் நடுவே கொண்டுசெல்ல அக்குடும்பமே படகு தந்தது. சமய நல்லிணக்கம் பற்றிய நீண்ட உபதேசம் ஏதுமின்றி, ஊர் வழக்கமாகவே இது சொல்லப்படுவதில்தான் அதன் அழகு இருக்கிறது.

ஆயினும் ஓரிடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டியுள்ளது. இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகரை ஏற்றிச் செல்லத் தந்தையார் மரப்படகு கட்டுகிறார். ஒரு புயல் அதைக் கொண்டுபோகிறது. அதே புயலில் பாம்பன் பாலம் பயணிகள் நிறைந்த இரயிலோடு வீழ்ந்ததாகவும் நூல் கூறுகிறது. ஆசிரியர் பிறந்தது 1931-இல். படகு அழிந்தபோது அவர் சிறுவர். பயணிகளோடு இரயிலைக் கடல் கொண்டதோ 1964 டிசம்பர் 22 இரவில். அதுவும் பாலத்தின்மேல் நிகழவில்லை, தனுஷ்கோடிக்கு அருகே நிகழ்ந்தது. பாம்பன் பாலம் பெருஞ்சேதமுற்றதும் அப்புயலில்தான். அப்போது ஆசிரியருக்கு வயது 33. இரு புயல்கள் நினைவில் ஒன்றாகிவிட்டன என்றே கொள்ள வேண்டும்.

நினைவின் இயல்பு இது. இதனால் நூலின் உண்மையுணர்வு குன்றிவிடாது. ஆனால் பெரிய புயல் சிறிய புயலை விழுங்கிவிட்டது. ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பறித்த அந்த முதற்புயலுக்கு ஆண்டும் இல்லை, வரலாறும் இல்லை. படகின் மரத்தை நெருப்பனலில் பதப்படுத்தியது ஒரே வாக்கியத்தில் முடிகிறது. மரத்தின் பெயர் வரவில்லை. தாயார் ஆஷியம்மா வீட்டாரினும் மிகுதியான வெளியாருக்குச் சோறிட்டார் என்கிறது நூல்; அந்த அடுக்களை எவ்வாறு நடந்தது என்பதையும் நாம் அறிய இயலவில்லை.

இக்குறைகளை நிறைவு செய்யும் பொறுப்பு ஓர் ஆசிரியருடையதன்று, அந்த ஊராருடையது. ஒருவருடைய நினைவே ஒரு தீவின் முழு வரலாறாகிவிட்டால், அதன் பிழையும் வரலாறாகவே நிலைத்துவிடும். முதியோரின் சொல்லைக் கேட்டெழுதி, நிக்காஹ் பதிவேடு, பள்ளிவாசல் கணக்கேடு, மீசான் கல் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடற்கரை ஜமாஅத்துகளால் இயலாத காரியமன்று. 1964-இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்க வேண்டியதை நாம் இப்பொழுதே கேட்டாக வேண்டும்.