வாய்க்காலுக்கு வடக்கு

பொத்தேரி ஸ்டேஷனை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் மாணவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் அடித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு பழைய ஃபைல் இருக்கும். பெயரை மாற்றி, அட்வான்ஸ் தொகையை மாற்றி, பிரிண்ட் எடுத்து நீட்டுவார்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், மூன்றாம் பக்கத்தில் உங்களுக்கு முன்னால் வந்துபோன பையனின் பெயர். பதினோரு மாதக் கணக்கு மட்டும் தப்பவே தப்பாது. வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும் என்று சொல்லும் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சேதி ஃபைலுக்கு இன்னும் எட்டவில்லை. இந்த வேலையை ஏஐ எடுத்துக்கொண்டு போனால் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சட்ட ஆவணங்களைச் சரிபார்க்கவும் எழுதவும் ஏஐ என்பது பொருள். என்னைப் ‘பழைய பத்திரக்காரர்’ என்று சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்தினார்கள். மேடையில் பேசிய இளைஞர் கெட்டிக்காரர். ஒரு கட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, நாலு நிமிடத்தில் லீகல் ஒப்பீனியன் வரவழைத்துக் காட்டினார். ‘தப்பு வந்தால்?’ என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். ‘வக்கீல் தப்பே பண்றதில்லையா சார்? மனுஷனைவிட இது கம்மியாத்தான் பண்ணும்’ என்றார் இளைஞர். நல்ல கைதட்டல். அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

இந்த மென்பொருளால் வரும் நன்மைகளை மறுக்க நான் முட்டாள் இல்லை. ஊரப்பாக்கத்திலும் மறைமலை நகரிலும் ஃபிளாட் வாங்குகிறவர் கையில் பில்டர் ஐம்பது அறுபது பக்க ஆங்கில ஒப்பந்தத்தைத் திணிக்கிறார். அதைப் போனில் போட்டு, ‘இதில் எனக்குப் பாதகமா என்ன இருக்கு?’ என்று தமிழில் கேட்டால் பாதிக்கு மேல் சரியாகவே சொல்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பல வக்கீல்களைவிட வேகமாக எடுத்துக் கொடுக்கிறது. இருபது ஆவணங்களில் ஒன்றில் மட்டும் சர்வே எண் மாறியிருந்தால் பிடித்துவிடுகிறது. எனக்குக் கண் வலிக்கும், அதற்கு வலிக்காது. உச்ச நீதிமன்றமே தீர்ப்புகளை மொழிபெயர்க்க 2019இலிருந்து சுவாஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. பெரிய கம்பெனி வக்கீல்கள் ஹார்வி போன்ற சட்ட ஏஐ கருவிகளைச் சந்தா கட்டி வாங்கியாயிற்று. நல்லது.

இதன் பொய்க்கணக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023இல் நியூயார்க் வக்கீல்கள் இருவர் சாட்ஜிபிடி சொன்ன, உலகத்திலேயே இல்லாத ஆறு வழக்குகளை மனுவில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் போட்ட உத்தரவு ஒன்றில், இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு நடுவே இல்லாத சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஒன்று இருந்தது. ஏஐ வேலைதான் என்று ஊரெல்லாம் பேச, உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். சட்டத்துக்கென்றே காசு வாங்கி விற்கும் கருவிகளையும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் சோதித்தார்கள். ஆறு கேள்விக்கு ஒன்று என்ற கணக்கிலாவது அவையும் புளுகின. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதி வகுத்து, தீர்ப்பு முடிவுகளுக்குள் ஏஐ நுழையவே கூடாது என்றது.

இந்தப் பொய்கள் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இல்லாத தீர்ப்பைத் தேடினால் அது இல்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பொய்கள் எந்தக் குணத்திலிருந்து வருகின்றனவோ அந்தக் குணம்தான் என் கவலை. இந்த எந்திரத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விடத் தெரியாது.

எங்கள் தொழிலில் காலி இடம் என்பது பேசும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதற்கென்றே எழுதப்பட்டது. ஆவணத்தில் இடைச்செருகலோ, விடுபட்ட இடமோ, அடித்தல் திருத்தலோ இருந்தால், எழுதிக் கொடுக்கிறவர் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு ஒப்புக்கொள்ளாதவரை சார்பதிவாளர் வாங்க மறுக்கலாம். அதனால்தான் பழைய பத்திரங்களில் எந்தப் பக்கம் எந்த வரியில் எந்தச் சொல் அடிக்கப்பட்டது என்று கடைசியில் கணக்கு எழுதியிருப்பார்கள். இங்கே கை தடுமாறியது என்று அந்தக் காகிதமே வாக்குமூலம் கொடுக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் ஒரு வக்கீல் படிக்க ஆரம்பிக்கிறான்.

கிட்டே வைத்துக் காட்டுகிறேன். பொத்தேரிப் பக்கம் மனை வாங்க வந்த ஒருவர் என்னிடம் ஒரு ஃபைலோடு வந்தார். ஒப்பீனியனை ஏஐயிடம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. பேங்க்காரர் வக்கீல் கையெழுத்துக் கேட்கிறார், அவ்வளவுதான் என்றார். படித்தேன். அச்சுப் பிழை இல்லாத, எண் போட்ட பத்திகள், அழகான அட்டவணைகள். தாய்ப் பத்திரம் 1961ஆம் ஆண்டுக் கிரயம், கையால் எழுதியது. அதன் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, எந்திரம் நான்கு கட்டமாகப் போட்டிருந்தது: வடக்கில் ஏரி வாய்க்கால், கிழக்கில் வண்டிப்பாதை, தெற்கில் இன்னார் புஞ்சை, மேற்கில் தனியார் பட்டா நிலம்.

மூலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ‘ஷை கிராமத்தில் ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு’ என்று போகிறது. நம் பத்திர நடை தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே வராது. வாய்க்காலுக்கு வடக்கு என்றால் நிலம் வடக்கே, வாய்க்கால் தெற்கே. எந்திரம் அதை ‘வடக்கு: வாய்க்கால்’ என்று எடுத்துக்கொண்டது. நிலம் வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே நிற்கும் என்று நீதிமன்றங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ‘ஷை’ என்பது மேற்படி என்பதற்கான பத்திரக் குறி. அதை ஒரு கிராமத்தின் பெயராகவே ஆக்கியிருந்தது. சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கத்துக்குட்டி ஜூனியரும் இந்த இரண்டையும் செய்யக்கூடும். நாலாவது கட்டத்தைப் பாருங்கள். மூலப் பத்திரத்தில் அந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. மூன்று எல்லைதான் மிச்சம். நாலாவது எல்லை அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. ‘தனியார் பட்டா நிலம்’ எங்கிருந்து வந்தது? கட்டம் காலியாக இருந்தது, அதனால் வந்தது. என்னிடம் வேலை பார்த்த எந்த ஜூனியரும், எவ்வளவு மண்டுவாக இருந்தாலும், அங்கே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பான். ‘சார், இங்க கிழிஞ்சிருக்கு’ என்றாவது வந்து நின்றிருப்பான். பக்கத்தில் இருந்தது ஏரிப் புறம்போக்காகவும் இருக்கலாமே. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஏரிகளையொட்டி நிலம் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குறியின் விலை தெரியும்.

‘மனுஷன் தப்புப் பண்றதில்லையா’ என்ற பதில் ஏன் செல்லாது என்று இப்போது புரிந்திருக்கும். மனிதன் தெரியாத இடத்தில் தயங்குகிறான். எழுத்து தடிக்கிறது, வாக்கியம் நொண்டுகிறது, ‘என்று தெரிகிறது’ என்று இழுக்கிறான். எந்திரம் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்கிறது. கடைசியில் வக்கீல் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். எந்த வரியில் பார்ப்பது? எல்லா வரியும் ஒரே வழவழப்பாக இருக்கும்போது, எல்லா வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் நாலு நிமிடம் மறுபடியும் இரண்டு நாளாகிறது. பார்க்காவிட்டால் நான் கையெழுத்துப் போடும் மை மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ‘நல்லா ப்ராம்ப்ட் பண்ணணும் சார்’ என்றார்கள்.

சரி, ப்ராம்ப்டுக்கு வருவோம். அதே ஃபைலில் 1987இல் ஓர் அடமானப் பத்திரம். 1961இல் நிலம் வாங்கிய அதே பெரியவர், ‘என் மூத்த குமாரத்தியின் விவாகச் செலவுக்காக’ என்று காரணம் எழுதிக் கடன் வாங்கி, பிறகு அடைத்தும்விட்டார். அடைத்துத் தீர்ந்த அடமானம், வில்லங்கம் இல்லை என்று எந்திரம் சரியாகவே எழுதியிருந்தது. அவர் உயில் எழுதாமல் காலமான பிறகு, 1994இல் இரண்டு மகன்கள் பாகப்பிரிவினை செய்துகொள்கிறார்கள். ஒப்பீனியனில் அதற்கு ஒரு வரி: சட்டபூர்வ வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டுள்ளனர்.

அந்தப் பெண் எங்கே? பூர்வீகச் சொத்தாக இருந்தால் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம், 2020இல் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு என்று கணக்கு நீளும். இது தகப்பன் தானே கிரயம் வாங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும், மகளுக்கு மகனுக்குள்ள அதே பங்கு. அந்தப் பிரிவினைப் பத்திரமேகூட ‘நாமிருவர்’ என்றுதான் சொல்கிறது; ‘அனைவரும்’ என்று சொல்லத் துணியவில்லை. எழுதிய ஆவண எழுத்தருக்கு உள்ளூர விஷயம் தெரிந்திருக்கலாம். அவர் வார்த்தையை ஒதுக்கிப் போட்டிருக்கிறார். எந்திரம் அந்த ஒதுக்கத்தை நிரவி ‘அனைவரும்’ ஆக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து நானே ஒரு மென்பொருளிடம் கேட்டுப் பார்த்தேன்: ‘இந்த ஆவணங்களில் குறிப்பிடப்பட்டு, பாகப்பிரிவினையில் கையெழுத்திடாத குடும்பத்தார் யாராவது உண்டா?’ உடனே மகளைக் கண்டுபிடித்துச் சொன்னது. நேர்மையாக இதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் அப்படிக் கேட்கத் தெரிந்தவன் பத்திரத்தை ஏற்கெனவே படித்துவிட்டவன். படிக்காதவருக்காகத்தானே இதை விற்கிறார்கள்?

காகிதத்தில் தடயமே இல்லாதவை இன்னும் இருக்கின்றன. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்கீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் அன்றைய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அவற்றை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில் 1994இல் இரண்டு உயிர் போனது. கைமாறிக் கைமாறி வந்த பத்திரங்களில் அந்த நிபந்தனையை எவனும் எழுதி வைப்பதில்லை. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979இலிருந்து 1987 வரை நடந்த யூ.டி.ஆர். வேலையில் ஏறிய தப்புகளும் அப்படித்தான், பட்டாவைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். பழைய பதிவேட்டைத் தேடிப் போய்ப் புரட்டவேண்டும், ஊரில் வயதானவர் யாரிடமாவது பேச்சுக் கொடுக்கவேண்டும். கொடுத்த கட்டுக்குள் மட்டும் படிக்கிற ஒன்று, கட்டு முழுதாக இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறது. ‘தாங்கள் தந்த ஆவணங்களின் அடிப்படையில்’ என்று ஒரு வரி கீழே போட்டிருக்குமே என்பார்கள். நானும்தான் போடுகிறேன். போட்டுவிட்டு, என்ன தரவில்லை என்று ஒரு பட்டியலும் கொடுக்கிறேன்.

நம் ஊர்க் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளுக்குக் கீழே, ஆவணம் தயாரித்தவர் என்று ஓர் இடம் உண்டு. ஆவண எழுத்தரானால் 1982ஆம் ஆண்டு விதிகளின்படி வாங்கிய உரிம எண், வக்கீலானால் பதிவு எண். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும் அந்தப் பழைய நடையைக் கிண்டல் செய்கிறவர்கள், அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். நாளைக்குத் தகராறு வந்தால் கூடுவாஞ்சேரியிலோ செங்கல்பட்டிலோ அந்த ஆளைத் தேடிப் போய், ‘ஏன்யா இப்படி எழுதின?’ என்று கேட்கமுடியும்.

மனை வாங்க வந்தவர் ஃபைலை வாங்கிக்கொண்டு போகும்போது என்மேல் வருத்தமாகத்தான் போனார். மெஷினே சரி என்று சொல்லிவிட்டதே என்றார். போன திங்கட்கிழமை போன் செய்தார். அந்த மூத்த மகள் உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிறாராம், எழுபதைத் தொட்ட வயது. விடுதலைப் பத்திரம் எழுதித் தர வருவாரா என்று இன்னும் யாரும் அவரைக் கேட்கவில்லை. கிரயத் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.